எகிப்தின் கோயில்களும் கல்லறைகளும்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை ஒன்பது நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டியபோது எந்தச் சுவர் எந்தக் கோயிலில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாம் முறை பாதி இடங்களை விட்டுவிட்டு, மீதி இடங்களில் நிதானமாக நின்று பார்த்தேன். அந்தப் பயணம்தான் மனதில் நிற்கிறது. அதன் பிறகு நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணத் தொகைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

எத்தனை நாள் வேண்டும்?

பத்து நாள் இருந்தால் நல்லது. கெய்ரோவுக்கு மூன்று, லக்சருக்கு நான்கு, அஸ்வானுக்கு இரண்டு, போக்குவரத்துக்கு ஒன்று. ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் கெய்ரோவில் குறையுங்கள், லக்சரில் குறைக்காதீர்கள். பழைய தீப்ஸ் நகரம்தான் இன்றைய லக்சர். நைல் நதியின் கிழக்குக் கரையில் கர்னாக், லக்சர் என்ற இரண்டு பெரிய கோயில்கள். மேற்குக் கரையில் அரசர்கள், அரசிகள், அதிகாரிகள், தொழிலாளர்கள் என எல்லோருடைய கல்லறைகளும். சூரியன் மறையும் திசை இறந்தவர்களுக்கு உரியது என்பது அவர்கள் நம்பிக்கை. மேற்குக் கரைக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே மூன்று நான்கு இரவு கப்பலில் போவது வழக்கம். வசதிதான். ஆனால் வழியிலுள்ள எட்ஃபூ என்ற கோயில் ஊரில் பல கப்பல்கள் ஒரே நேரத்தில் கரை சேரும். அத்தனை பேரும் ஒன்றாகக் கோயிலுக்குள் நுழைவார்கள். கார் அமர்த்திக்கொண்டு சாலை வழியே போனால் நேரம் உங்கள் கையில் இருக்கும்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் லக்சரில் 40 டிகிரிக்கு மேல் போகும். லக்சரின் மேற்குக் கரையில் அரசர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கில் மரம், செடி என்று நிழலே கிடையாது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வெயிலை அப்படியே முகத்தில் அடிக்கும். எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். ரமலான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

கீஸா பெரிய பிரமிடுக்குள் போயே ஆக வேண்டுமா?

உள்ளே ஓவியமோ சிற்பமோ எழுத்தோ எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனவர்கள்தான் ஏமாந்து வெளியே வருகிறார்கள்.

கூஃபு மன்னருக்காக ஏறத்தாழ கி.மு. 2560 வாக்கில் கட்டப்பட்டது. முதலில் 146 மீட்டருக்கும் சற்று மேல் உயரம், இப்போது சுமார் 138 மீட்டர். ஏறக்குறைய 23 லட்சம் கற்கள். நாம் நுழைவது பழைய வாசல் வழியாக அல்ல, பிற்காலத்தில் குடைந்த ஒரு பாதை வழியாக. அங்கிருந்து மேலே ஏறும் வழி சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்துகொண்டே ஏற வேண்டும். எதிரே இறங்கி வருபவர்களுக்குச் சுவரோடு ஒட்டி இடம் விட வேண்டும். பிறகு திடீரென்று தலைக்கு மேல் எட்டு மீட்டருக்கும் அதிகமான உயரம் திறக்கிறது. 'பெரிய கூடம்' என்று சொல்லும் அந்தச் சரிவில், இரு பக்கச் சுவர்களும் மேலே போகப் போகப் படிப்படியாக நெருங்கிவரும். அதற்கும் மேலே அரசரின் அறை. முழுக்கக் கருங்கல்; எல்லாம் தெற்கே அஸ்வானிலிருந்து நைல் வழியாகப் படகில் வந்தது. மூடியில்லாத ஒரு கல் பெட்டி மட்டும் அங்கே இருக்கிறது.

அந்த அறையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, சுவரில் இரண்டு கற்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். நகம் நுழையாது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மூட்டுவலி, மூச்சுத்திணறல், அடைத்த இடத்தில் பயம் உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம். பெரிதாக எதையும் இழக்க மாட்டார்கள்.

பிரமிடுகளை அடிமைகள் கட்டினார்கள் என்கிறார்களே?

இல்லை. 1990-இல் கீஸாவில் பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அரசருக்கு அருகிலேயே, மறுமைக்கான ரொட்டியும் பீரும் நிரப்பிய சாடிகளுடன் அவர்களைப் புதைத்திருந்தார்கள். அடிமைகளுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது. அவர்கள் வாழ்ந்த ஊரும் பக்கத்திலேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில், மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு பாப்பிரஸ் (நாணலில் செய்த எழுதுதாள்) துண்டுகளாகக் கிடைத்தது. துராவிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். 4,500 ஆண்டுக்கு முந்தைய வேலைப் பதிவேடு அது. கீஸாவில் நிற்கும்போது கூஃபுவை நினைப்பதைவிட மெரரை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

கீஸாவைத் தவிர கெய்ரோ பக்கம் வேறு என்ன?

சக்காரா. ஒரு முழு நாள் கொடுங்கள். ஜோசர் மன்னரின் படிப் பிரமிடு அங்கேதான் இருக்கிறது. கல்லில் கட்டிய முதல் பிரமிடு அதுதான், இம்ஹோடெப் வடிவமைத்தது. அருகிலுள்ள ஊனாஸ் பிரமிடு வெளியே வெறும் மண்மேடு போலத் தெரியும். உள்ளே இறங்கினால் சுவர் முழுக்க நீல நிறம் பூசிய எழுத்து வரிசைகள், மேலே விண்மீன்கள் செதுக்கிய கூரை. பிரமிடு ஒன்றுக்குள் எழுத்து செதுக்கப்பட்டது அங்கேதான் முதல் முறை.

ஆனால் சக்காராவில் என்னை நிறுத்திவைத்தது 'தி' என்ற அதிகாரியின் கல்லறை. அங்கே ஒரு புடைப்புச் சிற்பத்தில் மாடுகள் கால்வாயைக் கடக்கின்றன. முன்னால் போகும் மாடு மேய்ப்பவன் ஒரு சின்னக் கன்றை முதுகில் சுமந்திருக்கிறான். கன்று தலையைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. பின்னால் வரும் தாய்ப்பசு கழுத்தை நீட்டிக் கத்துகிறது. தண்ணீரை நெளிநெளியான கோடுகளாகச் செதுக்கி, அதற்குள் மாட்டின் கால்கள் தெரிகிற மாதிரி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கல்லில் தண்ணீரின் தெளிவைக் காட்டியவர்கள்! வழிகாட்டி இதைக் கடந்து போய்விடுவார், நீங்கள் நின்றுவிடுங்கள்.

தஹ்ஷூரில் உள்ள சிவப்புப் பிரமிடையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே கூட்டம் குறைவு. வெளியே ஏறி, நீண்ட சரிவில் உள்ளே இறங்க வேண்டும். மறுநாள் தொடை வலிக்கும்.

எந்த அருங்காட்சியகத்துக்குப் போவது?

முன்பு தஹ்ரீர் சதுக்கத்தில் 1902-இல் திறந்த பழைய அருங்காட்சியகம் மட்டும்தான். இப்போது மூன்று இருக்கின்றன. கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பர் 1 அன்று முறையாகத் திறக்கப்பட்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இளம் அரசன் துட்டன்காமனின் கல்லறைப் பொருட்கள், 5,000-க்கும் மேல், முதன்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. கூஃபுவின் மரப்படகும் அங்கேதான் வந்துவிட்டது. அரச மம்மிகளைப் பார்க்க எகிப்திய நாகரிகத்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை ஊர்வலமாக அங்கே கொண்டுபோனார்கள்.

மம்மி கூடத்தில் படம் எடுக்கக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. அந்த விதி எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. அவை காட்சிப் பொருட்கள் இல்லை, ஒரு காலத்தில் வாழ்ந்த மனிதர்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் பெரிய அருங்காட்சியகம் போதும். ஆனால் பயணத்தின் கடைசி நாளில் போங்கள். கல்லறைகளைப் பார்த்த பிறகு போனால், உள்ளே இருந்த பொருள் எந்த மாதிரி அறையிலிருந்து வந்தது என்று கண்முன் தெரியும்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஒரு சீட்டுக்கு எத்தனை கல்லறை? எதைத் தேர்ந்தெடுப்பது?

பொதுச் சீட்டில் மூன்று. அன்றைக்குத் திறந்திருப்பவற்றில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள். ஓவியங்களுக்கு ஓய்வு தர முறைவைத்து மூடுவார்கள், ஆகவே ஒரு மாற்றுப் பட்டியலும் மனதில் இருக்கட்டும். பல சீட்டு அறைகளில் இப்போது அட்டையில் மட்டுமே பணம் வாங்குகிறார்கள். கையில் ரொக்கம் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

என் விருப்பம் இது. ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் இருவருக்கும் பொதுவான கல்லறைக்குத் தனிச் சீட்டு வாங்குங்கள். அடக்க அறையின் கூரை முழுவதும் வானதேவதை நூத் இரண்டு முறை, முதுகோடு முதுகாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள்ளேயே பயணம் செய்கிறது, விடியலில் மறுபடி பெற்றெடுக்கிறாள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். ஒரே கூட்டமாகத்தான் இருக்கும். கூட்டங்களுக்கு இடையே பத்து நிமிடமாவது ஓர் இடைவெளி வரும், ஓரமாக ஒதுங்கி நின்று அதற்காகக் காத்திருங்கள்.

பொதுச் சீட்டில், படியேற முடிந்தவர்கள் மூன்றாம் துத்மோஸைத் தவறவிட வேண்டாம். பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், பாறை இடுக்கில் இரும்புப் படியில் ஏறி, அப்புறம் உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும். மற்றக் கல்லறைகளில் உள்ள வண்ணப் பகட்டு இங்கே இல்லை. ஒரு பாப்பிரஸ் சுருளை விரித்துச் சுவரில் ஒட்டியது போல, கறுப்பிலும் சிவப்பிலும் குச்சி குச்சியான உருவங்கள். இரவின் பன்னிரண்டு மணி நேரத்தில் சூரியன் பாதாளத்தில் போகும் வழி அது. ஒரு தூணில், மரத்திலிருந்து ஒரு கை நீண்டு மார்பை ஏந்திப் பிடிக்க, அரசர் பால் குடிக்கிறார். அத்தனை எளிமையான கோடு!

ஹோரெம்ஹெப்பின் கல்லறை திறந்திருந்தால் அதையும் பாருங்கள். அது பாதியில் நின்றுபோன வேலை. ஒரு சுவரில் முதல் ஓவியர் சிவப்பு மையில் போட்ட கோடு இருக்கிறது. அதன் மேல் மூத்தவர் கறுப்பில் திருத்தியிருக்கிறார்: இந்தத் தோள் இன்னும் கீழே, இந்தக் கால் இன்னும் முன்னே. சிற்பி அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துச் செதுக்கத் தொடங்கி, பாதியில் உளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முடிந்த சுவர்கள் அரசரைப் பற்றிப் பேசுகின்றன, இது வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசுகிறது.

துட்டன்காமன் கல்லறைக்குத் தனிச் சீட்டு வாங்கலாமா? அந்தச் சாபம் உண்மையா?

அறை மிகச் சின்னது, ஓவியம் ஒரே அறையில்தான். பொக்கிஷம் எல்லாம் கெய்ரோவில். ஆனால் அந்த இளைஞனின் உடல் இன்னமும் அங்கேயே, கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. மற்ற அரசர்கள் நகரத்துக்குப் போய்விட்ட நிலையில் இவன் மட்டும் தன் இடத்தில் இருக்கிறான் என்பதற்காக நான் போனேன், வருத்தமில்லை. செலவைப் பார்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடலாம். அகழ்வாளர் ஹாவர்ட் கார்ட்டர் தங்கியிருந்த வீட்டருகே 2014-இல் திறந்த மிகத் துல்லியமான நகல் ஒன்று உண்டு. அங்கே நெருங்கி நின்று பார்க்கலாம்.

சாபம் எதுவும் இல்லை. 1922 நவம்பரில் கல்லறையைக் கண்டுபிடித்த கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923-இல் இறந்தது, கொசு கடித்த இடம் சீழ்பிடித்து உடம்பெல்லாம் நஞ்சு பரவியதால்.

கல்லறைக்குள் படம் எடுக்கலாமா? சுவரைத் தொட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான கல்லறைகளில் கைப்பேசியில் எடுக்க அனுமதி உண்டு. ஃபிளாஷ் கூடாது. முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். டிரோனைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். விமான நிலையத்திலேயே சிக்கல் வரும்.

தொடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ராம்சேஸின் அரசி நெஃபர்தாரியின் கல்லறை 1904-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எகிப்தின் ஓவியங்களில் அதற்கு இணை இல்லை என்று பலரும் சொல்வார்கள். அது சுண்ணாம்புப் பாறையில் வெட்டியது. பாறைக்குள் இயல்பாகவே உப்பு இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பு கரைந்து மேற்பரப்புக்கு வரும், காய்ந்தால் படிகமாகும். அந்தப் படிகம் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். ஓவியம் பூசிய சுண்ணாம்பு அப்படியே வீங்கி உதிரும். அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் எகிப்தின் தொல்பொருள் துறையும் சேர்ந்து 1986 முதல் 1992 வரை வேலை செய்து அதை நிலைப்படுத்தினார்கள். 1995-இல் திறந்து, பிறகு மூடி, மறுபடி 2016-இல் அதிகக் கட்டணத்துடன் திறந்தார்கள். இப்போதும் பராமரிப்புக்காக மூடுவதுண்டு. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஈரம் மழையால் மட்டும் வருவதல்ல. நம் மூச்சும் வியர்வையும் அதைக் கூட்டுகின்றன. உள்ளே நிற்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை விட்டுவிட்டுப் போகிறோம். கை எண்ணெய், தோள்பையின் உரசல், காலடித் தூசி எல்லாம் அதோடு சேர்கின்றன. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகலான வழியில் திரும்பும்போது பார்த்துத் திரும்புங்கள். வெளியே வந்து பேசுங்கள், உள்ளே வேண்டாம். தடுப்புக் கண்ணாடி இல்லாத இடத்தில் கைகளைக் கட்டிக்கொள்வது என் பழக்கம். 3,000 ஆண்டு தாங்கிய சிவப்பு, நம் தலைமுறையில் உதிரக் கூடாது.

சுவரில் என்னதான் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே!

முதல் நாள் அப்படித்தான் தோன்றும். நாலைந்து விஷயம் தெரிந்தால் போதும், சுவர் பேச ஆரம்பிக்கும்.

நீள்வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து அரசரின் பெயர். பறவை, மனித உருவங்கள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். ஆண்களுக்குச் செம்பழுப்பு நிறம், பெண்களுக்கு மஞ்சள். முகம் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்து, உடம்பு மம்மி போலக் கட்டப்பட்டிருந்தால் அவர் ஒசிரிஸ், இறந்தவர்களின் தலைவர். மற்றத் தெய்வங்களில் நரித்தலை அனுபிஸ், நீண்ட அலகுள்ள அரிவாள்மூக்கன் தலை தோத், பருந்துத் தலை பெரும்பாலும் ஹோரஸ். பசுக் கொம்புகளுக்கிடையே சூரிய வட்டம் இருந்தால் ஹாத்தோராக இருக்கலாம், ஐசிஸாகவும் இருக்கலாம். உருவம் பெரிதாக இருந்தால் ஆளும் பெரியவர் என்று அர்த்தம்.

பின்பு, சிதைந்த இடங்களைப் பாருங்கள், அதிலும் கதை இருக்கிறது. சிற்பங்களின் முகமும் கைகால்களும் மட்டும் கொத்தப்பட்டிருந்தால், பிற்காலத்தில் கோயிலில் குடியிருந்த கிறித்தவர்களின் வேலையாக இருக்கலாம். ஒரு பெயர் மட்டும் கவனமாகச் சுரண்டப்பட்டிருந்தால் அது அரசியல். ஹாட்ஷெப்சுட் என்ற பெண் அரசரின் பெயரைப் பல இடங்களில் அப்படி நீக்கியிருக்கிறார்கள். கூரை கறுத்திருந்தால் அங்கே யாரோ குடும்பமாகத் தங்கி அடுப்பெரித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மன்னர்களின் பள்ளத்தாக்கில் வழிகாட்டிகள் கல்லறைக்குள் நின்று விளக்கக் கூடாது. வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் முந்தின நாள் இரவே அரை மணி நேரம் படித்துவிட்டுப் போங்கள்.

தேர் எல்-மதீனா என்று ஒரு இடம் சொல்கிறார்களே, அது எதற்கு?

மேற்குக் கரையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அரசர்களின் கல்லறைகளை வெட்டி, வரைந்த தொழிலாளர்களின் ஊர் இது. அவர்களின் வீட்டுச் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவர்கள் எழுதி வீசிய பானை ஓடுகளும் கல் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. யார் எந்த நாள் விடுப்பு எடுத்தார், விளக்குத் திரி எத்தனை கொடுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வராததால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பகலெல்லாம் அரசருக்கு வரைந்தவர்கள், ஓய்வு நேரத்தில் தங்களுக்கும் வரைந்துகொண்டார்கள். சென்னெஜெம் என்பவரின் கல்லறைக்குள் குனிந்து இறங்கினால், ஒரு சின்ன அறை. வளைந்த கூரை, சுவரெல்லாம் மஞ்சள். அவரும் மனைவி இய்நெஃபர்தியும் மறுமையின் வயலில் கதிர் அறுக்கிறார்கள், சணல் பிடுங்குகிறார்கள். இருவரும் வெளுத்த வெள்ளை உடையில், திருவிழாவுக்குப் போவது போல. சுற்றிலும் நீலமாக வாய்க்கால் ஓடுகிறது. நான் போனபோது பத்து நிமிடம் வேறு யாரும் வரவில்லை. காவலர் ஒரு மூலையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார். மறுமை என்றால் அவர்களுக்கு இதுதான்: அதே வயல், அதே வேலை, பக்கத்தில் அதே மனைவி.

அதிகாரிகளின் கல்லறைகளில் ரெக்மிரேயுடையதைப் பாருங்கள். நூபியர்கள் கொண்டுவந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஒரு குரங்கு ஏறுவதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளோடு போனால் இந்தத் தேடல் நல்ல விளையாட்டு.

கர்னாக்கில் என்ன விசேஷம்?

134 தூண்கள் கொண்ட மண்டபம். நடுவிலுள்ள பன்னிரண்டு தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். எல்லோரும் தூணைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் அண்ணாந்து உத்தரக் கற்களின் அடிப்பகுதியைப் பாருங்கள், வெயில் படாத இடத்தில் பழைய வண்ணம் அப்படியே இருக்கிறது. முதல் கோபுர வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம், சுவருக்குப் பின்னால் ஒரு மண்செங்கல் குவியல் தெரியும். குப்பை மேடு என்று நினைத்துப் பலர் கடந்துவிடுவார்கள். கற்களை மேலே ஏற்றப் போட்ட சாய்தளத்தின் மிச்சம் அது. வேலை முடியாததால் அகற்றாமல் விட்டுவிட்டார்கள்.

லக்சர் கோயிலுக்கு அந்தி சாயும் நேரத்தில் போங்கள். உள்ளேயே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கு ஒலிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வழிபாடு நடக்கும் இடம். வாசலில் ஒற்றைக்கல் ஊசித்தூண் ஒன்றுதான் நிற்கும். அதன் ஜோடி 1836 முதல் பாரிஸ் நகரில் நிற்கிறது.

அபு சிம்பெல் அவ்வளவு தூரம் போகத் தகுந்ததா?

அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், பாலைவனச் சாலையில் மூன்றரை மணி நேரம். போகலாம். அஸ்வான் உயர் அணை கட்டியபோது நீரில் மூழ்க இருந்த கோயிலை, 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி அடுக்கினார்கள். பெரிய சிலைகளின் மேல் அந்த அறுப்புக் கோடுகளைத் தேடினால் தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி 22, அக்டோபர் 22, சூரிய ஒளி கருவறைவரை நுழையும். அங்கே அமர்ந்திருக்கும் நான்கு சிலைகளில் ப்தா என்ற தெய்வம் மட்டும் இருளிலேயே இருப்பார். அந்த இரு நாட்களில் கூட்டம் தாங்காது.

அஸ்வான் அருகிலுள்ள ஃபிலே கோயிலையும் இப்படித்தான் வேறு தீவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு வாசல் சுவரில், கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று ஒரு பூசாரி கிறுக்கலாகச் செதுக்கிய எழுத்து இருக்கிறது. நாளுடன் நமக்குக் கிடைத்த சித்திர எழுத்துகளில் அதுவே கடைசி. 3,000 ஆண்டுக்கு மேல் எழுதிய எழுத்து அந்தச் சுவரோடு நின்றுபோனது.

பக்ஷீஷ் (கைக்காசு) கேட்கும் தொல்லை எப்படி?

உண்டு. கல்லறைக் காவலர் கையைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைப்பார், சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், பிறகு கை நீட்டுவார். முதல் முறை நான் தடுப்பைத் தாண்டிப் போனேன். இன்றும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. 'லா, சுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று சிரித்த முகத்தோடு சொன்னால் விட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் குறைவு என்பதும் உண்மை. உண்மையிலேயே உதவினால், உதாரணமாக விளக்கைப் பிடித்து ஒரு நல்ல மூலையைக் காட்டினால், சிறு நோட்டு கொடுங்கள். சில்லறை நோட்டுகளை முன்பே மாற்றி வைத்திருங்கள். கீஸாவில் ஒட்டகம் ஏறும் முன் விலை பேசும்போது, இறக்கிவிடுவதும் சேர்த்துத்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எலும்பு தெரியும் குதிரை வண்டியில் மட்டும் ஏறாதீர்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கர்னாக், லக்சர், தெந்தேரா கோயில்கள் சமதளம். மன்னர்களின் பள்ளத்தாக்கில் வாசலிலிருந்து கல்லறைகள்வரை சின்ன மின்வண்டி ஓடும். உள்ளே நான்காம் ராம்சேஸின் கல்லறை அகலமானது, மெல்லிய சரிவு. பழங்காலத்திலேயே யாத்திரிகர்கள் வந்து போன கல்லறை என்பதால் அவர்கள் எழுதிவிட்டுப் போனவையும் அங்கே தெரியும். ஒரு நாளைக்கு ஓர் இடம், மதியம் ஓய்வு என்று வையுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கவலை வேண்டாம். அவரையை வேகவைத்து மசித்த ஃபூல், அவரை மாவில் பொரித்த தாமியா, இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள சூடான ரொட்டி. காலை உணவே சைவம்தான். அரிசி, பருப்பு, பாஸ்தா, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, வறுத்த வெங்காயம் எல்லாம் சேர்த்த கோஷரி வயிறு நிறைக்கும். மொலோகியா கீரையை இறைச்சிச் சாற்றில் சமைப்பது வழக்கம், கேட்டு வாங்குங்கள்.

எகிப்தில் தமிழ்த் தடயம் இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. செங்கடல் கரையில், குசைர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில், 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள். அதே இடத்தில் கணன், சாதன் என்ற பெயர்களும் ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. பெரெனிகே துறைமுகக் கோயிலில் புதைத்துவைத்த இந்திய ஜாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு இருந்தது. இரண்டாம் ராம்சேஸின் மம்மியின் மூக்கில்கூட மிளகு மணிகள் இருந்தன. அண்மையில் மன்னர்களின் பள்ளத்தாக்கின் சில கல்லறைகளிலும் தமிழ் பிராமிக் கிறுக்கல்களைப் படித்திருக்கிறார்கள். 'சிகை கொற்றன்' என்ற பெயர் பல இடங்களில் வருகிறது. நம்மைப் போலவே ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்திருக்கிறார். படித்தபோது சிலிர்த்தது. அதற்காக நாமும் பெயர் எழுதிவிட்டு வரக் கூடாது. கொற்றன் காலத்தில் அது வழக்கம், இன்று அது சேதம்.

கூட்டமில்லாத, ஆனால் தவறவிடக் கூடாத இடம்?

எஸ்னா, தெந்தேரா, அபிதோஸ். எஸ்னாக் கோயில் இன்றைய தெருவுக்கு ஒன்பது மீட்டர் கீழே கிடக்கிறது. நூற்றாண்டுகளின் கரியைப் பஞ்சாலும் தூரிகையாலும் துடைத்து எடுத்திருக்கிறார்கள். அடியிலிருந்து நீலமும் பச்சையும் புதிதாகப் பூசியது போல வந்திருக்கின்றன. தெந்தேராவின் கூரையும் அப்படியே.

அபிதோஸ் லக்சரிலிருந்து மூன்று மணி நேரம். காலையில் கிளம்பினால் தெந்தேராவையும் சேர்த்து மாலையில் திரும்பிவிடலாம். முதலாம் சேத்தி கட்டிய அந்தக் கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் எகிப்திலேயே மிக மென்மையானவை. மெல்லிய துணிக்குள் உடம்பு தெரிவதைக் கல்லில் காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு குறுகிய வழியில் சேத்தியையும் சேர்த்து 76 அரசர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஹாட்ஷெப்சுட் அதில் இல்லை, துட்டன்காமனும் இல்லை. பட்டியலுக்கு முன்னால் சேத்தி நிற்கிறார். அவருக்கு முன்னே, தலையின் ஒரு பக்கம் மட்டும் சடை தொங்க, ஒரு பையன் கையில் பாப்பிரஸைப் பிடித்துப் பெயர்களைப் படிக்கிறான். அவன்தான் பின்னாளில் அபு சிம்பெலைக் குடைவித்த இரண்டாம் ராம்சேஸ்.